ஜெபத்துல ஒரு கல்லு உப்பு

...பாத்தீங்களா, பாத்தீங்களா! அது மேலயே போய் உக்காந்துருச்சு பாருங்க டீச்சரம்மா! என் கழி! படகத் தள்ளலாம்னு ஒரே ஒரு தடவ அழுத்தி ஊனினேன். படகு இந்தப் பக்கம் நகந்துருச்சு, கழி அந்தப் பக்கம் சேத்துல கொடிமரம் மாதிரி நட்டுக்கிட்டு நின்னுருச்சு. இப்ப அதுமேல ஒரு பாம்புத்தாரா உக்காந்து ரெக்கைய விரிச்சு வெயில் காயுது. ஏய்! போ! சூ! ...போகுதா பாருங்க. என்னையே மொறைக்குது. இந்தச் சதுப்புல ஒரு ஜீவன்கூட என்னை மதிக்கிறதில்ல.

இறங்கி எடுக்கவா? நல்லா கேட்டீங்க போங்க! கைக்கெட்டுற தூரம்தான். ஆனா ஒரு கால் வெச்சா இடுப்பு வரைக்கும் உள்ள இழுத்துரும். பாக்கத்தான் தரை மாதிரி இருக்கு, புல்லெல்லாம் மொளச்சிருக்கு, ஆனா அது தரை இல்ல. மெதக்குற சேறு. மோட்டாரும் அதுலதான் சிக்கிருக்கு, கோரை முழுக்கச் சுத்திக்கிச்சு. நீங்க பயப்படாதீங்க. படகு முழுகாது. முழுகணும்னா தண்ணி வேணும்ல?

இந்தாங்க, கடலை எடுத்துக்கங்க. வேகவெச்சது. பை ஈரமாத்தான் இருக்கும், அது அப்படித்தான். ஊருக்குள்ள வர்ற வழியில பெட்ரோல் பங்கு இருக்குல்ல, அங்க வாங்கினது. தோலோட வாயில போட்டு உறிஞ்சிட்டு அப்புறம் உரிக்கணும். ...ஆங், அப்படித்தான். உங்க ஒஹையோவுல இதெல்லாம் கெடைக்காது. உங்க ஊர்க்காரங்க எல்லாருமே இப்படிப் பேசாமதான் இருப்பீங்களா? ரெண்டு மணி நேரமா நான்தான் பேசிக்கிட்டிருக்கேன்.

அந்தா கரையில கட்டை மாதிரி கெடக்கறாரே, அவரப் பாத்தும் பயப்படாதீங்க. அவரு பேரு ஜட்ஜ். நான் வெச்ச பேருதான். கண்ண பாதி மூடிக்கிட்டு நாள் பூரா கெடப்பாரு. எல்லாத்தையும் கேப்பாரு, ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ...ஐயய்யோ, கடலைய வீசாதீங்க! முதலைக்கு எதையும் போடக்கூடாது, சட்டம் இருக்கு. ஒரு தடவ பழகிட்டா அப்புறம் படகப் பாத்தாலே பின்னாடி வருவாரு, எங்க சர்ச்சு ஆளுங்க கோழி வாசத்துக்கு வர்ற மாதிரி.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங், உங்க வரவு. நீங்க எங்க ஊரு டேட்டம்ல வந்து இறங்கினது நேத்து சாயங்காலம்தானே? ராத்திரிக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. ஒரு சிக்னல் லைட்டு, அஞ்சு சர்ச்சு, ஒரு சாப்பாட்டுக் கடை, இவ்வளவுதான் எங்க ஊரு. இதுல எதை ஒளிக்கறது? நீங்க அந்தக் கடையில சக்கரை போடாத டீ கேட்டீங்களாமே? இங்க டீன்னாலே பாகு மாதிரி சக்கரைதான். சமையக்கட்டுல இருந்தவங்கள்லாம் வெளிய வந்து எட்டிப் பாத்தாங்களாம். சக்கரை வியாதியோ என்னமோ பாவம்னு ஒரு பொம்பள உங்களுக்காக ஜெபமே பண்ணிருக்கா. நல்ல மனசுதான், தப்பா எடுத்துக்காதீங்க.

அந்தக் கடையிலதான் உங்ககிட்ட சொல்லியிருப்பாங்க, 'சதுப்பு பாக்கணுமா, லூடெல் படகுல போங்க, ஆர்லிஸ் படகுல ஏறாதீங்க, அவன் பேசியே கொன்னுருவான்'னு. சொன்னாங்கல்ல? தெரியும்! ஊரு பூரா அவ கட்சி. அதனாலதான் மத்தியானம் நீங்க துறைக்கு வந்த உடனே நானே உங்க பையத் தூக்கி என் படகுல வெச்சேன். அவ அங்கதான் நின்னுக்கிட்டிருந்தா, கையில கயிறோட. ஒரு வார்த்தை பேசல. எப்பிடிப் பேசுவா? அவ என்கூடப் பேசியே ரொம்ப நாளாச்சு. என் கூடப்பெறந்த அக்கா!

எங்கப்பா விட்டுட்டுப் போனது ஒரே துறை. அதுல ரெண்டு படகு, அவளுக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணு. பக்கத்துப் பக்கத்துலதான் கட்டுவோம், படகுக்குப் படகு இடிக்கும். அப்பவும் என்கிட்ட ஒண்ணு சொல்லணும்னா என் நாய்கிட்ட சொல்லுவா. 'இந்தாடா, உங்க மொதலாளிகிட்ட சொல்லு, பெட்ரோல் டப்பாவ மூடி வெக்கச் சொல்லு'ம்பா. நாயும் என்னைத் திரும்பிப் பாக்கும். எனக்கு வந்த கெதியப் பாத்தீங்களா?

என்ன பண்ணினேன்னா கேக்கறீங்க? நான் என்ன பண்ணினேன்? ஒண்ணுமே பண்ணல. ஜெபம் பண்ணினேன்!

சிரிக்காதீங்க. ஈஸ்டர் முடிஞ்ச அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க சர்ச்சுல மரத்தடிச் சாப்பாடு. நீளமா மேசை போட்டு, வீட்டுக்கு வீடு ஒரு பாத்திரம் கொண்டாந்து வெப்பாங்க. கோழி பொரிச்சது, கெளுத்தி மீனு, சோளரொட்டி, வாழப்பழப் புட்டிங்கு... எங்கக்கா கோழி புலாவ் செஞ்சு கொண்டாந்தா. அண்டா நெறைய! எங்கம்மா கைப்பக்குவம் இந்த ஊர்ல அவளுக்கு மட்டுந்தான் வரும். பாஸ்டருக்கு அன்னிக்கு தொண்டை கட்டிக்கிச்சு. 'ஆர்லிஸ், நீ டீக்கன்தானே, எனக்கு ஒத்தாசைக்குத்தானே இருக்க, சாப்பாட்டுக்கு நீ ஜெபம் பண்ணு'ன்னு மைக்கக் குடுத்துட்டாரு. தப்பு அவரோடது. என் கையில மைக்கக் குடுக்கலாமா?

கண்ண மூடினேன். 'ஆண்டவரே, இந்த ரொட்டிக்காக ஸ்தோத்திரம். இந்த மீனுக்காக ஸ்தோத்திரம். எங்கக்கா லூடெல் செஞ்ச புலாவுக்காகவும் ஸ்தோத்திரம்...' இதோட நிறுத்தியிருக்கலாம். கண்ண மூடிட்டா என் வாய் எனக்கு முன்னாடி ஓடும் டீச்சரம்மா. 'அதுல அதிகமா விழுந்துட்ட உப்ப நீரே குறைச்சருளும் ஐயா'ன்னு சொல்லிட்டேன்!

சும்மா தமாசுக்குத்தான் சொன்னேன். ஆனா பாருங்க, கண்ண மூடிக்கிட்டு இருந்த மொத்த சனமும் 'ஆமென்'னு சொல்லிருச்சு. பழக்கம்! எதைச் சொன்னாலும் ஆமென். அதுலயும் விருந்துக்கு வந்திருந்த பக்கத்து சர்ச்சு மெதடிஸ்ட்காரங்க ரெண்டு தடவ சொன்னாங்க. கண்ணத் தொறந்து பாக்கறேன், எங்கக்கா மொகம் வெளுத்துப்போச்சு. நேரா வந்தா, அண்டாவ மூடினா, இடுப்புல வெச்சா, போயிட்டா. ஒரு பருக்கைகூட யாருக்கும் கெடைக்கல. நான் சொன்னதக்கூட மன்னிச்சிருப்பா. ஊரே சொன்ன அந்த ஆமென்ன அவளால மன்னிக்க முடியல.

உப்பு நெசமாவே தூக்கலா இருந்துச்சான்னா? இருந்துச்சு. ...எப்பிடித் தெரியுமா? ஜெபத்துக்கு முன்னாடியே ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கிட்டேன். இதை ஊருக்குள்ள சொல்லிராதீங்க. டீக்கன் வேலை போயிரும்.

ஆ, இந்த ஈ ஒண்ணு! மஞ்ச ஈ. கடிச்சா ரெண்டு நாளைக்குத் தடிக்கும். கழுத்துக்குக் கீழ அந்தத் துணிய இழுத்து விட்டுக்கங்க. ...நேரம் என்னாச்சு? அடடா. பொழுது சாஞ்சா சரணாலயத்து வாசக்கதவ மூடிருவாங்க, உங்க கார் வேற உள்ள நிக்குது. இல்ல இல்ல, போன எடுத்துப் பிரயோசனமில்ல. இங்க டவர் கெடையாது. மேல தூக்கிப் புடிச்சாலும் வராது. அந்தப் பாம்புத்தாராகிட்ட வேணும்னா குடுத்துப் பாருங்க, உயரத்துல இருக்கு.

எல்லாம் அந்தப் பலகையால வந்த வெனை! வர்ற வழியில தண்ணி ரெண்டாப் பிரியுதுல்ல, அங்க அம்புக்குறி போட்ட பலகை ஒண்ணு நிக்குமே? அதத்தான் சொல்றேன். போன புயலுக்கு முன்னாடின்னா கண்ணக் கட்டிவிட்டாக்கூட போயிட்டு வருவேன். புயல்ல இந்த மெதக்குற தீவெல்லாம் எடம் மாறிப்போச்சு. ஏரிக்குப் போற வழியும் இந்த முட்டுச் சந்தும் இப்ப ஒரே மாதிரி இருக்கு. எனக்கே அடையாளம் தெரியல. எங்கக்காவுக்கும் தெரியாது. அதனால காட்டு இலாகாக்காரங்க புதுசா பலகை நட்டுட்டுப் போனாங்க. எல்லாரும் அதப் பாத்துத்தான் போறோம். அம்பு எடது பக்கம் காட்டினா ஏரி எடது பக்கம். சின்னக் கொழந்தைக்கும் தெரியும்.

...நாம வலது பக்கம் திரும்பினோமா? ஆமா. திரும்பினோம். அம்பு எடது பக்கம்தான் காட்டுச்சு. கவனிச்சிட்டீங்களா? டீச்சர்னா டீச்சர்தான். எதையும் விட மாட்டீங்க.

அது வந்து... கடலை எடுத்துக்கங்க.

சரி, அப்படிப் பாக்காதீங்க. எங்க பள்ளிக்கூடத்துலயும் ஒரு டீச்சர் இப்படித்தான் பாப்பாங்க, நான் பண்ணாததையெல்லாம் ஒத்துக்குவேன். அந்தப் பலகைய முந்தாநாள் நான்தான் திருப்பி வெச்சேன். ஆணியப் புடுங்கி, வலது பக்கம் காட்டின அம்ப எடது பக்கம் திருப்பி அடிச்சேன். அதனால இன்னிக்கு அம்பு எடது பக்கம் காட்டுச்சா, 'ஆங், நாமதானே திருப்பினோம், அப்ப ஏரி வலது பக்கம்'னு இங்க வந்தேன். கணக்குச் சரிதானே?

சரியில்லையா? ஏன்? ஏரியக் காணோமேங்கறீங்களா? ...நான் வலதுலருந்து எடதுக்குத் திருப்பினேன். இப்ப எடதுலதான் இருக்கு. அப்படின்னா ஏரி... இருங்க. இருங்க, கொழப்பாதீங்க. மொதல்ல அது எந்தப் பக்கம் காட்டுச்சு? எடது. ஆமா, மொதல்ல எடது! நான் திருப்பினது வலதுக்கு. இன்னிக்கு எடதுல இருந்துச்சுன்னா... அடப்பாவி! யாரோ திரும்ப மாத்தி வெச்சிருக்காங்க! பழைய எடத்துக்கே! நான் வெச்ச பொறியில நானே வந்து... யாரு அந்த வேலைய...

லூடெல்!

அவளேதான்! ஆணி அடிச்சிருந்த லட்சணத்தப் பாத்தே நான் கண்டுபிடிச்சிருக்கணும். நேரா இருந்துச்சு. நான் அடிச்சா கோணலாத்தான் இருக்கும், வாய் ஓயாம பேசிக்கிட்டே வந்ததுல அதக் கவனிக்காம விட்டேன் பாருங்க.

எதுக்குத் திருப்பினேன்னா... அவளை மாட்டி விடறதுக்குத்தான். தப்பா நெனைக்காதீங்க, அவளுக்குக் கெடுதல் பண்ண இல்ல. அவ மாட்டிக்கிட்டா குரல் குடுப்பா. அதுக்குத்தான்.

குரல் குடுக்கறதுன்னா உங்களுக்குத் தெரியாதுல்ல? எங்க தாத்தா காலத்துல போனு ஏது? சதுப்புக்குள்ள போனவன் சாயங்காலம் திரும்பி வரும்போது தூரத்துல இருந்தே நீளமா ஒரு குரல் குடுப்பான். ஊஊ-ஈயோ-ஹோ-ன்னு. வீட்டுக்கு வீடு ராகம் வேற. கேட்ட ஒடனே வீட்ல இருக்கறவங்க பதில் குரல் குடுக்கணும். 'வா, அடுப்புல சோறு இருக்கு'ன்னு அர்த்தம். சண்டை போட்டிருந்தாலும் சரி, மூஞ்சியப் பாக்காம இருந்தாலும் சரி, குரலுக்குப் பதில் குடுத்தே ஆகணும். எங்கப்பா அம்மா ஒருத்தரோட ஒருத்தர் பேசாம ஒரு குளிர்காலம் பூரா இருந்தாங்க. ஆனா ஒரு நாள்கூட அப்பா குரலுக்கு அம்மா பதில் குடுக்காம இருந்ததில்ல. பைபிளுக்கு அடுத்தபடி எங்க வீட்ல அதுதான் சட்டம்.

அவ மாட்டினா குரல் குடுப்பா, நான் பதில் குடுப்பேன், போய் இழுத்துட்டு வருவேன். பேச்சு தொடங்கிரும். நல்ல யோசனைதானே? வேற யாரும் இந்த வாரம் இந்தப் பக்கம் வர மாட்டாங்கன்னு விசாரிச்சுட்டுத்தான் பண்ணினேன். நான் அவ்வளவு மோசம் இல்ல.

ஏன் அவசரம்னா, அவ சனிக்கிழமை போறா. ஜாக்சன்வில்லுக்கு, மக ட்ரீனா வீட்டுக்கு. மொத்தமா. படகக்கூட விக்கப் போறாளாம். என்கிட்ட சொன்னாளா? என் நாய்கிட்டகூடச் சொல்லல! கோழித்தீவனம் வாங்கப் போன எடத்துல கடைக்காரன் சொல்றான், 'உங்கக்கா வீட்டு வாசல்ல அட்டைப்பெட்டியா அடுக்கிருக்கே, தெரியாதா'ன்னு. தெரியும்னு சொல்லிட்டு வந்தேன். வண்டியில ஏறி உக்காந்து கொஞ்ச நேரம் சாவியத் திருப்பவே இல்ல.

போகட்டும்! எனக்கென்ன? துறை பூரா எனக்கு. வர்ற ஆளெல்லாம் என் படகுல. நிம்மதியா இருப்பேன்... யாருகிட்ட சண்டை போடறது, சொல்லுங்க? காலையில எந்திரிச்சா பக்கத்துப் படகுல அவ மொறைச்சுக்கிட்டு நிக்கணும். அப்பதான் எனக்குக் காப்பி எறங்கும். அவ போயிட்டா அந்தத் துறையில நான் ஒண்டிக்கட்டையா என்ன பண்ணுவேன்?

என்ன? நான் குரல் குடுக்கறதா? அதெல்லாம் முடியாது. மொதல்ல குடுக்கறவங்க தோத்த மாதிரி. அஞ்சு மாசமா... இல்ல, மாசக் கணக்கு வேணாம். முடியாதுன்னா முடியாது.

அப்படிப் பாக்காதீங்கன்னு சொன்னேன்ல.

வெக்கம் இல்ல டீச்சரம்மா. பயம். நான் குரல் குடுத்து, அவ பதில் குடுக்கலேன்னா? அப்படி ஒண்ணு எங்க குடும்பத்துல நடந்ததே இல்ல. அது நடந்துட்டா அப்புறம் அக்கான்னு எனக்கு யாருமில்ல. குடுக்காம இருந்தா, குடுத்திருந்தா பதில் வந்திருக்கும்னாவது நெனச்சுக்கலாம். புரியுதா உங்களுக்கு?

...புரியுது. அதான் வானத்தக் காட்டறீங்க. ஆமா, பொழுது போகுது. கொக்கெல்லாம் அடையப் போகுது. உங்கள இந்த ஈக்கு நடுவுல ராத்திரி பூரா உக்கார வெச்சா நான் மனுசனே இல்ல. சரி. உங்களுக்காகத்தான். இத ஊருக்குள்ள சொல்லணும், 'டீச்சரம்மாவுக்காகத்தான் ஆர்லிஸ் குரல் குடுத்தான்'னு. காதப் பொத்திக்கங்க, கிட்டத்துல கேட்டா வலிக்கும்.

ஊஊஊ-ஈயோஓஓ-ஹோஓஓ!

...

பாத்தீங்களா. நான் சொன்னேன்ல. ஒரு பொட்டு சத்தம் இல்ல. ஜட்ஜ்கூடக் கண்ண மூடிட்டாரு. அவ்வளவுதான். தொலஞ்சுது. எனக்கு இனிமே...

ஆத்தாடி!

எங்கருந்து வந்துச்சு அது? பின்னாடி இருந்தா? இந்தப் பொதருக்கு அந்தப் பக்கமா? அது அவ குரல்! கடைசில மேல தூக்கி முடிச்சா பாருங்க, அது எங்கம்மா ராகம்! ஆனா இவ்வளவு கிட்டக்க... இவ்வளவு கிட்டக்கன்னா...

லூடெல்! எவ்வளவு நேரமா அங்க உக்காந்திருக்க? மோட்டார நிறுத்திட்டு ஒளிஞ்சுக்கிட்டு! எல்லாத்தையும் கேட்டியா? அந்த... அந்த ஒரு வாய் எடுத்துப் போட்டதையுமா?

சிரிக்கறா! டீச்சரம்மா, எங்கக்கா சிரிக்கறா! பாருங்க, தோள் குலுங்குது. அவ கையில என்னது அது, கடலைப் பையா? கடலை தின்னுக்கிட்டே வேடிக்கை பாத்திருக்கா பாவி!

இந்தப் பக்கமா வா, கயித்தப் போடு... எங்க போறீங்க டீச்சரம்மா? பாத்து, பாத்து! கால நடுவுல வைங்க. ஆங்... தாண்டிட்டீங்க. நல்லவேளை. இருங்க, பை! உங்க பைய நான் தூக்கித் தர்றேன். ...அவளே எடுத்துக்கிட்டா. மத்தியானம் நான் தூக்கின பைய இப்ப அவ தூக்கறா. சரி, நியாயந்தான்.

கயிறு? லூடெல், கயிறு! என்னையும் இழுக்கணும்ல? ஏன் மோட்டாரக் கெளப்பற? என்ன சொல்றா டீச்சரம்மா? சத்தத்துல கேக்கல, நீங்க சொல்லுங்க. என்னது? 'அந்த ஆள்கிட்ட சொல்லுங்க'ன்னு சொல்றாளா? இப்ப நாய்க்குப் பதிலா நீங்களா! சரி, என்ன சொல்லணுமாம்? உங்கள துறையில விட்டுட்டுத் திரும்பி வருவாளாம். வந்து? ...அதுவரைக்கும் இங்கயே உக்காந்து யோசிக்கணுமாம். அப்புறம்? ராத்திரிக்கு... என்ன? சத்தமா!

புலாவா?

அண்டா நெறைய? நான் ஒருத்தனே சாப்பிடணுமாம்! உப்பு... உப்பு போன தடவய விட ஒரு கை கூடவே போடுவாளாம்!

லூடெல்! அப்ப சனிக்கிழமை? அந்தப் பெட்டியெல்லாம்? ...அதுக்குப் பதில் சொல்லாமயே போறா பாருங்க. டீச்சரம்மா, நீங்களாவது கேட்டுச் சொல்லுங்க! டீச்சரம்மா!

போயிட்டாங்க. ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே போறாங்க. ரெண்டு மணி நேரம் என்கூட ஒண்ணு ரெண்டு வார்த்தைக்கு மேல பேசாத பொம்பள, அங்க ஏறின ஒடனே என்ன வாயடிக்குது பாரு.

ஊஊஊ-ஈயோஓஓ!

...குடுத்துட்டா. பதில் குடுத்துட்டா. தூரத்துல இருந்துகூட குடுத்துட்டா. கேட்டீரா ஜட்ஜ் ஐயா? உம்ம காதுல விழுந்துச்சா? போறவ எவளாவது அண்டாவ வெளிய எடுத்து வெப்பாளா? சமையல் சாமானத்தத்தானே மொதல்ல பெட்டியில கட்டுவாங்க? அண்டா இன்னும் பெட்டிக்குள்ள போகல. அதுக்கு என்ன அர்த்தம், நீரே சொல்லும். ...சொல்ல மாட்டீரே.

சரி, நகந்து வராதீர். அங்கயே இரும். உமக்கு விசயம் முழுசாத் தெரியாதுல்ல, மொதல்லருந்து சொல்றேன். எல்லாம் ஒரு ஜெபத்துல தொடங்கினது. இன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி ஜெபம் பண்ணச் சொல்லுவா, பாத்துக்கிட்டே இரும். வேணும்னே சொல்லுவா. நான் மாட்டவே மாட்டேன். அவளையே பண்ணச் சொல்லுவேன். உப்பு வாயில கரிச்சாலும் சரி, தொண்டையக் கிழிச்சாலும் சரி, கண்ண மூடிக்கிட்டு என் வாயிலருந்து ஒரே ஒரு வார்த்தைதான் வரும்.

ஆமென்.